முதல் வெடிக்கு முன்பே மூடும் திட்டம்: மலையகக் கல்குவாரிகளுக்கும் சுரங்கங்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

கல்குவாரிக்கு அனுமதி கேட்டு ஒரு சுற்றாடல் அறிக்கை உங்கள் பிரதேச செயலகத்துக்கு வந்திருந்தால், அதைக் கடைசி அத்தியாயத்திலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள். நான் வாசித்த பல அறிக்கைகளில் அங்கே ஒரே ஒரு வரிதான் இருந்தது: "அகழ்வு முடிந்ததும் நிலம் மட்டப்படுத்தப்பட்டு மரங்கள் நடப்படும்." எந்த மண்ணைக் கொண்டு மட்டப்படுத்துவார்கள், யாருடைய பணத்தில், எந்த ஆண்டில், எந்த மரம் என்ற கேள்விகளுக்கு அந்த வரியில் பதில் இருக்காது.

நான் வளர்ந்த தோட்டத்தில், லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால், கைவிடப்பட்ட கல்லுடைப்புக் குழி ஒன்று இருந்தது. மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, அடியில் பச்சை நிறத் தண்ணீர். பக்கத்து வீட்டு அக்காவின் கறவை மாடு ஒரு மழை நாளில் அதற்குள் விழுந்தது. உயிரோடுதான் இருந்தது. ஆனால் மேலே ஏற்றக் கரையில் ஒரு சரிவுகூட இருக்கவில்லை. மாலை வரை அது கத்திக்கொண்டிருந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. ஒரு பக்கத்தையாவது சரிவாக விட்டிருந்தால் அந்த மாடு தானாகவே நடந்து வந்திருக்கும். அப்படி விட வேண்டும் என்று குவாரி தொடங்கும்போதே யாரும் எழுதி வைக்கவில்லை.

கல் உடைப்பு, டொலமைட், பெல்ட்ஸ்பார் அகழ்வு, மாணிக்கக் குழி ஆகியவற்றின் அருகில் வாழ்பவர்களுக்காகவும், பொறுப்போடு தொழில் செய்ய விரும்பும் உரிமதாரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

படி 1: எந்தச் சட்டத்துக்குள் வருகிறது என்று பாருங்கள்

இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த பகுதிதான் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்கு அடிப்படை. எந்தெந்தத் திட்டங்களுக்கு அது தேவை என்பதை 1993 ஜூன் 24ஆம் திகதிய 772/22 இலக்க அதிவிசேட வர்த்தமானி பட்டியலிடுகிறது. நிலத்துச் சுரங்கங்களைப் பொறுத்தவரை மூன்று வரம்புகளை மனத்தில் வையுங்கள்: 25 மீற்றருக்கு மேல் ஆழம் போகும் அகழ்வு, மொத்தமாக 10 ஹெக்டேயரைத் தாண்டும் மேற்பரப்பு அகழ்வு, குடியிருப்பு அல்லது வர்த்தகப் பகுதியிலிருந்து 1 கிலோமீற்றருக்குள் இயந்திரம் கொண்டு கருங்கல், சுண்ணக்கல், பளிங்கு, படிகக்கல் போன்றவற்றை எடுப்பது.

மூன்றாவது வரம்பு மலையகத்துக்கு மிக முக்கியமானது. ஏதாவது ஒரு லயத்திலிருந்து 1 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் பாறையைத் தோட்டங்களில் தேடிக் கண்டுபிடிப்பதே கடினம். லயமும் குடியிருப்புத்தான். அறிக்கையின் வரைபடத்தில் லயங்கள் குறிக்கப்படாமல் வெறும் "தேயிலை நிலம்" என்று இருந்தால், முதல் ஆட்சேபத்தை அங்கேயே எழுதுங்கள்.

இரண்டாவது வரம்பில் "மொத்தமாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே மலையின் நாலு பக்கத்தில் நாலு சிறு உரிமங்கள் கேட்கப்பட்டால், அவற்றைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு இடமுண்டு.

கனிமம் எடுக்கும் உரிமத்தைத் தருவது 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். மாணிக்கக்கல் மட்டும் அதன் கீழ் வராது. அது 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் கையில் இருக்கிறது. வரம்புகளுக்குள் வராத சிறிய குவாரியாக இருந்தால் மூடும் நிபந்தனைகளைச் சுரங்க உரிமத்திலும், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் ஏற்பாட்டில் வழங்கப்படும் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்திலும் எழுதச் செய்ய வேண்டும்.

படி 2: பணி வரையறையிலேயே மூடுதலைச் சேர்க்கச் சொல்லுங்கள்

விண்ணப்பம் வந்ததும், கருத்திட்டத்தை அங்கீகரிக்கும் முகவர் நிலையம் அறிக்கையில் எவையெல்லாம் ஆராயப்பட வேண்டும் என்று ஒரு பணி வரையறையை எழுதிக் கொடுக்கும். அதில் இல்லாத விடயத்தை அறிக்கை தயாரிப்பவர் தொட மாட்டார். அவருக்கு அதற்கான கூலியும் இல்லை. ஆகவே மூடும் திட்டத்துக்கான போராட்டத்தை அறிக்கை வெளிவந்த பின் தொடங்குவது தாமதம். தோட்டத்தில் நிலஅளவையாளர்களும் துளையிடும் இயந்திரமும் தென்பட்ட அன்றே பிரதேச செயலாளருக்கும் சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் கடிதம் எழுதுங்கள். இப்படி எழுதலாம்:

"இந்தத் திட்டத்துக்கான பணி வரையறையில், அகழ்வு முடிந்த பின் நிலத்தின் இறுதி வடிவம், அதன் பயன்பாடு, கட்டம் கட்டமான மீளமைப்பு, அதற்கான செலவு, பிணைத் தொகை ஆகியவை தனி அத்தியாயமாகச் சேர்க்கப்பட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்."

இதற்குச் சட்டத்திலேயே பிடிமானம் இருக்கிறது. அறிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் வரைவிலக்கணம், தவிர்க்க முடியாத பாதிப்புகளையும், குறைந்த தீங்குள்ள மாற்று வழிகளையும், அவை ஏன் நிராகரிக்கப்பட்டன என்பதையும், திரும்பப் பெற முடியாதபடி செலவாகும் வளங்களையும் விவரிக்கச் சொல்கிறது. ஒரு மலை முகட்டை வெட்டினால் அது திரும்பி வராது. எது திரும்பும், எது திரும்பாது என்று சொல்லச் சட்டம் கேட்கும்போது, மூடிய பிறகு என்ன மிஞ்சும் என்று சொல்லாமல் அந்தக் கேள்விக்கு விடை எழுத முடியாது.

எப்பாவல பொஸ்பேற் அகழ்வுத் திட்டத்துக்கு எதிரான வழக்கையும் நினைவில் வையுங்கள். அது நடந்தது அனுராதபுர மாவட்டத்தில்தான். ஆனால் 2000ஆம் ஆண்டில் அங்கே விவசாயம் செய்து வாழ்ந்த மனுதாரர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், இன்றைய தலைமுறையின் தேவைக்காக வருங்காலத் தலைமுறையின் பங்கை அழிக்க முடியாது என்ற கொள்கையை இலங்கைச் சட்டத்துக்குள் உறுதியாகக் கொண்டுவந்தது. மூடும் திட்டம் கேட்கும் எந்தக் கடிதத்திலும் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிடலாம்.

படி 3: இன்றைய நிலையைப் பதிவு செய்யுங்கள், முதலில் தண்ணீரை

"முன்பு எப்படி இருந்தது" என்பதற்குச் சான்று இல்லாவிட்டால், பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. உமா ஓயா நீர்த்திட்டத்தின் சுரங்கப்பாதை தோண்டப்பட்டபோது 2014 இறுதியில் நிலத்தடி நீர் உள்ளே பாய்ந்து, பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீடுகளின் சுவர்கள் வெடித்தன. அது கனிமச் சுரங்கம் அல்ல. ஆனால் மலையகத்துப் பாறையின் வெடிப்புகளுக்குள் நீர் எவ்வளவு தூரம் இணைந்து ஓடுகிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டிய சம்பவம் இல்லை.

உங்கள் பீலியில் (ஊற்றுநீர் விழும் குழாயில்) ஒரு 20 லீட்டர் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். 40 வினாடி என்றால் நிமிடத்துக்கு 30 லீட்டர். வாரத்துக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில், ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். குறைந்தது ஒரு வறட்சிக்காலமும் ஒரு தென்மேற்குப் பருவமழையும் அதில் அடங்க வேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் மாதத்துக்கு ஒரு முறை கையொப்பம் வாங்கி வையுங்கள். ஆய்வாளர்கள் ஒரே நாளில் வந்து எடுத்துப் போகும் ஒரு மாதிரியைவிட இந்தக் கொப்பி பலமானது. இதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

வீட்டுச் சுவர்களை, ஏற்கெனவே உள்ள வெடிப்புகளையும் சேர்த்து, அருகே ஓர் அடிமட்டத்தை வைத்துப் படமெடுங்கள். பழைய வெடிப்பை மறைக்காதீர்கள். மறைத்தால் புதிய வெடிப்பையும் யாரும் நம்ப மாட்டார்கள். பாடசாலைக்குப் போகும் குறுக்குப் பாதை, கோயில், மயானம், விறகு எடுக்கும் இடம், மாட்டுக்குப் புல் அறுக்கும் இடம் ஆகியவற்றையும் வரைபடத்தில் குறியுங்கள். வெளியிலிருந்து வரும் நிபுணருக்கு இவை கண்ணில் படாது.

மண்சரிவு அபாய வரைபடத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்டுப் பெறுங்கள். கொடுக்கத் தயங்கும் எந்த அரச அலுவலகத்திடமும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுக்கலாம். தகவல் தரப்படுமா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதைக் கண்ட மக்கள் நாம். குவாரியின் மேல் எல்லைக்கு மேலே என்ன மண் நிற்கிறது என்று கேட்க நமக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

படி 4: இறுதியில் அந்த நிலம் என்னவாக வேண்டும்?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் குழியின் வடிவத்தை வரைய முடியாது. மீண்டும் தேயிலையா, காடா, விளையாட்டு மைதானமா, வீட்டுத் திட்டமா, நீர்த்தொட்டியா? ஒவ்வொன்றுக்கும் வேறு சாய்வு, வேறு மண் ஆழம், வேறு செலவு.

இங்கே மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பெருந்தோட்ட நிலத்தில் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தம். 1992 முதல் கம்பனிகள் முகாமை செய்கின்றன. ஆகவே கையொப்பம் இடுபவர்கள் அரச நிறுவனமும் கம்பனியும்தான். ஐந்து தலைமுறையாக அங்கே வாழும் குடும்பங்களிடம் யாரும் கேட்பதில்லை. தோட்ட முகாமையாளரான துரையின் கையொப்பம் தோட்ட மக்களின் சம்மதம் ஆகாது. லயம் லயமாகக் கூட்டம் வைத்து, பெண்கள் பேசக்கூடிய நேரத்தில், அதாவது கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, கேட்க வேண்டும். பீலிக்கும் விறகுக்கும் நடப்பவர்கள் அவர்களே.

நீர்த்தேக்கமாக விடலாம் என்ற யோசனை மலிவானது என்பதால் அடிக்கடி முன்வைக்கப்படும். குறைந்தது ஒரு பக்கக் கரையாவது ஒரு மீற்றர் உயரத்துக்கு மூன்று மீற்றர் நீளம் என்ற மென்சரிவாக இருந்தால் மட்டுமே அதை ஏற்கலாம். மேலதிக நீர் வழிந்தோடக் கட்டப்பட்ட வாய்க்காலும், பராமரிப்பை எழுத்தில் ஏற்ற ஒரு நிறுவனமும் வேண்டும். பிரதேச சபைச் சட்டத்தின் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள்ளும் சேவை வழங்கலாம். மைதானமோ நீர்த்தொட்டியோ சபையிடம் போவதானால், சபையின் தீர்மானம் அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்க வேண்டும்.

படி 5: குழியை மேலிருந்து கீழாக வரையச் சொல்லுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டுமே நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். பாறையின் அடிவாரத்தில் தொடங்கி உள்நோக்கிக் குடைந்தால், முடிவில் மிஞ்சுவது ஒரே செங்குத்துச் சுவர். அதைப் பிறகு படிகளாக மாற்ற வேண்டுமானால் மேலே உள்ள நிலத்தைப் பின்னோக்கி வெட்ட வேண்டும். அந்த நிலமோ உரிமத்தின் எல்லைக்கு வெளியே, அநேகமாகத் தேயிலையாக அல்லது லயமாக இருக்கும். ஆகவே எவ்வளவு பணம் இருந்தாலும் பிறகு திருத்த முடியாது.

ஓர் உதாரணக் கணக்கு: 30 மீற்றர் உயரப் பாறையை 10 மீற்றர் வீதம் மூன்று படிகளாக, ஒவ்வொரு முகமும் 70 பாகைச் சாய்வில், இடையில் 5 மீற்றர் அகலமான இரண்டு திட்டுகளோடு (தட்டையான படித்தளங்களோடு) வெட்டினால், அடியிலிருந்து உச்சி ஏறத்தாழ 21 மீற்றர் பின்னால் இருக்கும். அந்த 21 மீற்றரும் உச்சிக்கு மேல் பாதுகாப்பு இடைவெளியும் உரிம எல்லைக்குள் அடங்குகிறதா என்று வரைபடத்தில் அளந்து பாருங்கள். அடங்கவில்லை என்றால் அந்தத் திட்டத்தை மூடவே முடியாது. அதை எழுத்தில் சொல்லுங்கள். உண்மையான உயரமும் சாய்வும் பாறையின் வெடிப்புகளைப் பொறுத்து மாறும். அதைப் புவியியலாளர் கையொப்பமிட்டுச் சொல்ல வேண்டும்.

படி 6: மண்ணும் மழைநீரும்

மேல்மண் இல்லாமல் எந்த மரமும் வராது. ஒரு ஹெக்டேயரில் 30 சென்ரிமீற்றர் மேல்மண் என்றால் 3,000 கன மீற்றர், அதாவது சுமார் 1,060 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). அதை 2 மீற்றர் உயரத்துக்கு மேல் குவித்தால் உள்ளே காற்றில்லாமல் மண்ணின் உயிர் கெடும். 2 மீற்றருக்குள் குவித்தால் குறைந்தது 60 பேர்ச் (சுமார் 1,500 சதுர மீற்றர்) இடம் வேண்டும். அந்த 60 பேர்ச் வரைபடத்தில் எங்கே? காட்டவில்லை என்றால், மண்ணை ஓடையில் தள்ளப் போகிறார்கள் அல்லது விற்கப் போகிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

மழைக்கும் கணக்குப் போடுங்கள். ஒரு ஹெக்டேயர் வெற்றுப் பாறையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1,000 கன மீற்றர் தண்ணீர், அதாவது 10,000 லீட்டர் பவுசர் நூறு. மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்தும் 24 மணி நேர அளவுகள் 75, 100, 150 மில்லிமீற்றர். ஆகவே 150 மில்லிமீற்றர் அளவிலான மழை எங்களுக்கு அபூர்வமானதல்ல. குவாரியைச் சுற்றி மேற்பக்கத்தில் ஒரு கான் (வடிகால்), வெளியேறும் இடத்தில் வண்டல் தொட்டிகள், அவற்றை அள்ள ஒரு கால அட்டவணை, மூடிய பின்னும் அவை யார் பொறுப்பு என்ற பதில் ஆகியவை வேண்டும்.

மாணிக்கக் குழிகளிலும் இதே நீதிதான். பொகவந்தலாவைப் பக்கத்தில் அனுமதியற்ற தோண்டலால் கெஹெல்கமு ஓயா சேறாக ஓடுவது பலமுறை பேசப்பட்ட விடயம். அந்தச் சேறு காசல்ரீ நீர்த்தேக்கத்தில் போய்ப் படிகிறது. அனுமதி பெற்ற குழியை மூடும்போது எடுத்த ஒழுங்கைத் தலைகீழாக்கி நிரப்ப வேண்டும்: கழுவிய கல் அடியில், பிறகு களி மண், மேல்மண் கடைசியில். நிரப்பும் ஒவ்வொரு கட்டத்திலும் படமெடுங்கள். இரத்தினக்கல் அதிகாரசபையிடம் வைத்த மீளமைப்பு வைப்புப் பணத்தைத் திரும்பப் பெறவும் அது உதவும்.

படி 7: கட்டம் கட்டமாக மூடுதல்

இருபது வருடம் தோண்டி இருபத்தோராம் வருடம் மூடுவது என்பது மூடாமல் விடுவதற்கான வழி. மேல் படி முடிந்ததும் அதன் திட்டில் மண் போட்டுப் புல் வைத்துவிட்டே இரண்டாவது படியில் வெடி வைக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதச் சொல்லுங்கள்.

செடி வைப்பதில் தோட்ட மக்களுக்குத் தெரிந்த அறிவே போதும். பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யும் முன் குவாத்தமாலா புல்லோ மானாப் புல்லோ போட்டு 18 முதல் 24 மாதம் மண்ணை ஆற விடுகிறோம் அல்லவா? குவாரித் திட்டுக்கும் அதே மருந்துதான். சரிவின் ஓரங்களில் வெட்டிவேர், பிறகு கிளிரிசிடியா, அதன் பின் உள்ளூர்க் காட்டு மரங்கள். பைனஸும் யூக்கலிப்டஸும் விரைவில் பச்சை காட்டும் என்பதால் அறிக்கைகளில் முந்திக்கொண்டு வரும். நீரூற்றுக்கு மேலே அவற்றை நட நான் சம்மதிக்க மாட்டேன்.

படி 8: பணம்

நிலத்தை மீளமைக்கும் கடமையும் அதற்குப் பிணை வைக்கும் ஏற்பாடும் சுரங்கச் சட்டத்தில் உள்ளன. தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதே கேள்வி. உரிமதாரர் தன் சொந்த இயந்திரத்தைக் கொண்டு செய்தால் ஆகும் செலவைக் காட்டுவார். ஆனால் பிணை தேவைப்படுவது அவர் ஓடிப்போன பிறகுதான். அப்போது அரசு வெளியாரை வாடகைக்கு அமர்த்த வேண்டும். அந்த விலையில் கணக்கிடச் சொல்லுங்கள்.

தொகையை ஆண்டுதோறும் திருத்தும் நிபந்தனையும் அவசியம். 2021 டிசம்பர் முற்பகுதியில் 111 ரூபாயாக இருந்த ஒரு லீட்டர் ஒட்டோ டீசல் 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாய். அந்த இடைவெளியில் பழைய பிணைப் பணத்தைக் கொண்டு, முன்பு வாங்கக்கூடிய டீசலில் கால் பங்கைக்கூட வாங்க முடியாது. எக்ஸ்கவேற்றர் டீசலில்தான் ஓடுகிறது.

செலவுப் பட்டியலில் பாறை முகங்களைத் தட்டிப் பாதுகாப்பாக்குதல், மண் பரப்புதல், கான்கள், நடுகை, இரண்டு ஆண்டு களையெடுப்பு, வேலி, நீர்ப் பரிசோதனை, இயந்திரங்களை அகற்றுதல் ஆகியவை தனித்தனி வரியாக வர வேண்டும். கல் உடைத்துப் பிழைக்கும் தொழிலாளர்களின் நிலுவைச் சம்பளமும் சேவைக்காலக் கொடுப்பனவும் அதே பட்டியலில் வர வேண்டும். குவாரி மூடும் நாளில் முதலில் கைவிடப்படுபவர்கள் அவர்கள்.

படி 9: அந்த 30 நாட்கள்

முழு மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும், சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகை ஒவ்வொன்றிலும் அறிவித்தல் வரும். கருத்துச் சொல்ல 30 நாட்கள். முழு மதிப்பீட்டுக்குப் பதிலாகச் சுருக்கமான ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை மட்டும் கேட்கப்பட்டால், தேசிய சுற்றாடல் சட்டத்தின் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்த 30 நாள் இல்லை. அறிக்கையை நீங்களாகவே கேட்டுப் பார்வையிட வேண்டும். படி 2ஐ அவசரப்படுத்தியதற்கு இது இன்னொரு காரணம்.

"குவாரி வேண்டாம்" என்று மட்டும் எழுதிய நூறு கடிதங்களை ஒரே வரியில் பதில் சொல்லி ஒதுக்க முடியும். பக்க எண்ணைக் குறிப்பிட்டு, 60 பேர்ச் மண் குவிக்கும் இடம் எங்கே, 21 மீற்றர் பின்னடைவு எங்கே, பிணைத் தொகையின் கணக்கு எங்கே என்று கேட்கும் ஒரு கடிதத்துக்கு உரிமதாரர் எழுத்தில் விடை தர வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள். பீலிக் கொப்பியின் பிரதியை இணையுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

படி 10: மூடிய பின்

பிணைப் பணம் விடுவிக்கப்படும் முன், கடைசி நடுகைக்குப் பின் குறைந்தது இரண்டு தென்மேற்குப் பருவமழை கடந்திருக்க வேண்டும் என்று நிபந்தனையில் எழுதச் செய்யுங்கள். முதல் மழையில் தாங்கிய மண் இரண்டாவதில் இறங்குவதைக் கண்டிருக்கிறேன். இறுதிப் பரிசோதனைக்கு அதிகாரிகள் வரும் நாளை எழுத்தில் அறிவிக்கச் சொல்லுங்கள். தோட்டத் தலைவர்களோடு, பீலிக்குத் தண்ணீருக்குப் போகும் இரண்டு பெண்களும் கூட நடக்கட்டும்.

அன்று கையில் இருக்க வேண்டியவை: அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகள், படி 3இல் எடுத்த படங்கள், பீலிக் கொப்பி, அதே 20 லீட்டர் வாளி. மேற்பக்கக் கானில் நடந்து பாருங்கள்; அது அடைபட்டிருந்தால் மற்ற எதுவும் நிலைக்காது. திட்டுகளில் புல் வேர் பிடித்திருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். தண்ணீர் தேங்கிய இடத்தில் ஒரு கறவை மாடு தானாக ஏறி வரக்கூடிய சரிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பீலிக்குப் போய் வாளியை வைத்து வினாடிகளை எண்ணி, அந்த எண்ணை அதிகாரியின் பரிசோதனைப் படிவத்தில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.